கரண்டைத் துவைத்த சங்கம்

கரண்டில் அழுக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் வெட்கப்படாதீர்கள் கண்ணுகளா, தையற்காரிக்கும் தெரியாது. சுவரில் ஓட்டை இருக்கும், பிளக்கைச் சொருகினால் மெஷின் ஓடும், ஓடாவிட்டால் கரண்ட் ஆபீசுக்குப் போன் பண்ண வேண்டும். கரண்டைப் பற்றி அவள் தெரிந்துவைத்திருந்தது இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே இரண்டு பெண்களைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, பேரன் பேத்தியும் பார்த்துவிட்டாள்.

வக்கீல்களுக்குக் கறுப்பு அங்கி தைப்பது அவள் தொழில். மெஷின் முன்னறையில் ஜன்னலோரம் இருந்தது. வீட்டில் வெளிச்சம் ஒழுங்காக விழுகிற இடம் அது ஒன்றுதான். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவளுக்குப் பகல் வெளிச்சம் என்பது பாதிக் கண். பல்பு வெளிச்சத்தில் தைத்தால் தையல் எங்கே கோணிக்கொண்டு போகிறது என்று அவளுக்கும் தெரியாது, ஊசிக்கும் தெரியாது. கோர்ட்டில் கையை ஓங்கி வாதாடும்போது அக்குளில் படீரென்று பிரியும். அப்போது எதிர்க்கட்சி வக்கீலுக்குத்தான் முதலில் தெரியும்.

அவள் புருஷன் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவர் பல் வரிசை செய்து கொடுப்பார். பாவம், நல்ல பல்செட்டை யாரும் கவனிக்க மாட்டார்கள். கவனித்தால் அது நல்ல பல்செட் இல்லை. அதனால் இத்தனை வருஷத்தில் அவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை பாராட்டியது கிடையாது. சாயங்காலம் வந்தால் முன்னறை நாற்காலியில் சாய்ந்து பாட்டுச் செட்டைப் போடுவார். அவள் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைப்பாள். பிடித்த பாட்டு வந்தால் பட்டன் கொஞ்சம் மெதுவாக ஏறும். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, தலைவர் வரும் வரைக்கும்.

தலைவர் என்றால் தூய ஒலிச் சங்கத்தின் தலைவர். பெரிய ஆபீஸ் ஒன்றில் கோப்புகளுக்கு நம்பர் போடும் பிரிவில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நம்பர் போட ஒன்றும் இல்லாமல் போனதும் சத்தங்களுக்குப் போட ஆரம்பித்தார். பேசும்போது பல்செட்டில் லேசாக விசில் வருகிறதென்று அதைச் சரிசெய்யப் பட்டறைக்கே வந்திருந்தார்.

"முன்பல் ரெண்டுக்கும் நடுவுல காத்து போகுதுங்க" என்றார் பல்செட்டுக்காரர், வாயைத் திறந்துகூடப் பார்க்காமல்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கேட்டுதுங்க."

தலைவர் எழுந்து அவர் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார். "இந்த ஊர்ல என் காதைத் தவிர இன்னொரு காது இருக்குன்னு இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே!"

அன்றைக்கு வீட்டுக்கு வந்த பல்செட்டுக்காரர் தரையில் கால் பாவாமல் நடந்தார். கண்ணாடி முன் நின்று தன் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டதை அவள் அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

சங்கத்தில் படிகள் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் 'கேட்பவர்'. அதற்கு மேலே 'கூர்ந்து கேட்பவர்'. உச்சத்தில் 'செவியர்'. செவியர் ஆகிவிட்டால் மற்றவர்கள் கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்லும் அதிகாரம் வந்துவிடும். சங்கத்தில் பாட்டுக் கேட்கத் தடை. பாட்டு காதை மயக்குமாம், மயங்கின காதுக்கு ஒலி கேட்காதாம். அதற்கென்று ஓர் ஒலித்தட்டு வைத்திருந்தார்கள். அதில் ஒரு ஸ்பூன் தரையில் விழும். ஒரு கதவை யாரோ தட்டுவார்கள். பிறகு ஒரு பாடகி பாடுவதற்காக மூச்சை உள்ளே இழுப்பாள். அதோடு நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை கவனமில்லாமல் நிறுத்த மறந்து அந்தம்மா இரண்டு வரி பாடியும்விட்டாள். தாளத்துக்குக் கால் ஆட்டிய ஒருவரை மூன்று மாதம் சங்கத்தை விட்டு நீக்கிவைத்தார்கள்.

"கரண்டுல அழுக்கு இருக்காம்" என்றார் பல்செட்டுக்காரர் ஒரு நாள், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே.

"எந்தக் கரண்டுல?"

"எல்லாக் கரண்டுலயும்தான். பக்கத்து வீட்டு மிக்ஸி, எதிர்வீட்டு மோட்டார், அவங்க அழுக்கெல்லாம் ஒயர் வழியா நம்ம வீட்டுக்கு வந்து பாட்டுல கலக்குதாம்."

"அப்ப பல்பு மேலயும் படியுமா? துடைக்கணுமா?"

"உனக்கு எல்லாமே கிண்டல்."

அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

விஷயம் இதுதான். பல்செட்டுக்காரர் கூர்ந்து கேட்பவர் ஆக வேண்டுமென்றால் அவர் வீட்டிலேயே ஓர் அமர்வு நடக்க வேண்டும். சங்கம் அதற்குத் தலைப்பும் கொடுத்துவிட்டது: 'பவர் கண்டிஷனர் வீட்டுச் செட்டின் ஒலியை மேம்படுத்துமா?' மேம்படுத்தும் என்று போன வருஷமே தீர்மானம் போட்டாகிவிட்டது. அமர்வு, கேட்டு வியப்பதற்கு.

பவர் கண்டிஷனர் என்றால் கரண்டைத் துவைக்கிற பெட்டி. அதைச் சங்கத்தின் செயலாளரே கொண்டுவந்தார். பிறந்த குழந்தையைக் கொண்டுவருவது போல, தலைப்பக்கம் ஒரு கையும் அடியில் ஒரு கையும் கொடுத்து. பவர் கண்டிஷனர் விற்கும் கடையும் அவருடையதுதான். "அது தற்செயல்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிடுவார்.

பெட்டி சூட்கேஸ் அளவு இருந்தது. முன்பக்கம் ஒரே ஒரு குமிழ். இந்தப் பக்கம் திருப்பினால் கரண்ட் வந்தபடியே அழுக்காகப் போகும். அந்தப் பக்கம் திருப்பினால் பெட்டிக்குள் நுழைந்து குளித்து, தலை துவட்டி வெளியே வரும். வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக ஒரு நீல விளக்கு எரியும்.

"வீட்டுலயே சுத்தமான பாயின்ட் எது?" என்று செயலாளர் சுவர் சுவராகக் காதை வைத்துப் பார்த்தார். கடைசியில் ஜன்னலோரச் சுவரைத் தட்டினார். "இது. இது ஒண்ணுதான் கொஞ்சம் மனுஷத்தன்மையோட இருக்கு." அங்கே இருந்த மெஷின் பிளக்கை உருவி எறிந்துவிட்டுப் பெட்டியைச் சொருகினார். பெட்டியை மெஷின் மேஜைக்கு அடியில் வைத்தார். அதன் முதுகில் இருந்த ஒரே ஓட்டையில், பாட்டுச் செட்டின் நீள ஒயரைச் சுவரோரமாக இழுத்துவந்து அதன் பிளக்கைச் சொருகினார்.

"ஒரு வாரம் பழகணும்" என்றார்.

"யாரு?" என்றாள் தையற்காரி.

"பெட்டியும் கரண்டும். அதுவரைக்கும் பின்பக்கம் யாரும் பாக்கக்கூடாது. பழகற நேரத்துல பார்த்தா அதுக்குக் கூச்சமா இருக்கும். நீங்க தைக்கறவங்கதானே? கறுப்பு வெல்வெட்ல ஒரு திரை தைச்சுப் பின்னால போட்டுடுங்க. பிளக் மேல வெளிச்சம் படக்கூடாது."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் பயபக்தியோடு நின்றுகொண்டிருந்தார். அவள் வெல்வெட் தைத்தாள்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனதும் மெஷின் முன்னால் உட்கார்ந்து காலால் அழுத்தினாள். ஓடவில்லை. குனிந்து பார்த்தால், அவளுடைய பிளக் விரட்டிவிட்ட நாய்க்குட்டி மாதிரி தரையில் கிடந்தது. அறையின் அந்தக் கோடியில், செட் வைத்திருக்கும் அலமாரிப் பக்கம், செட்டின் பழைய பாயின்ட் காலியாகத்தான் இருந்தது. ஆனால் மெஷின் ஒயர் அவ்வளவு தூரம் எட்டாது.

அன்று சாயங்காலத்துக்குள் ஒரு வக்கீல் அங்கி முடிய வேண்டும். அவள் பெரிதாக யோசிக்கவில்லை. வெல்வெட்டைத் தூக்கினாள். செட்டின் பிளக்கை உருவி அதன் பழைய இடத்திலேயே கொண்டுபோய்ச் சொருகினாள். மெஷின் பிளக்கைப் பெட்டியின் முதுகில் சொருகினாள். வெல்வெட்டை இறக்கிவிட்டாள். மெஷின் ஓடியது. அவர் வருவதற்குள் மாற்றி வைத்துவிடலாம்.

கை வேலையில் இருக்கும்போது சாயங்காலம் சொல்லிக்கொண்டா வருகிறது? அவள் கழுத்துப்பட்டை மடித்துக்கொண்டிருந்தபோதே அவர் வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் போய்க் குமிழைத் திருப்பினார். நீல விளக்கு எரிந்தது. செட்டைப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் வாயைத் திறந்தாள். "என்னங்க, அந்த பிளக்..."

"உஷ்!"

வயலின் கிளம்பியது. எப்போதும் கேட்கிற அதே வயலின்தான். பல்செட்டுக்காரரின் முகம் மெதுவாக மலர்ந்தது. "கேக்குதா? வயலினுக்குப் பின்னாடி ஒரு சுவர் இருக்கு. சுண்ணாம்பு அடிச்ச சுவர். இத்தனை நாளா இது எங்க இருந்துச்சு?" கண் கலங்கிவிட்டது. "அந்த ஆளு சட்டையோட மேல் பட்டன் போடலைம்மா. அதுகூடத் தெரியுது."

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்த மனுஷன் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தைப் பெரியவள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். மறுநாள் அவர் கேட்ட சுவரில் ஒரு ஜன்னல் வந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் ஜன்னலில் திரைச்சீலை. எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

வாரம் முடிவதற்குள் கரண்ட் தூய்மைக் குழு வந்தது. செயலாளரும் மூத்த செவியரும். மூத்த செவியர் காதில் மெஷின் வைத்திருப்பவர். அதனாலேயே அவருக்குச் சங்கத்தில் தனி மரியாதை. "எங்க எல்லாரையும்விட அவர் கேக்கறதுதான் சுத்தம்" என்று செயலாளர் விளக்கினார். "நாம வெறும் காத்துல கேக்கறோம். அவர் பேட்டரியில கேக்கறார். பேட்டரியில அழுக்கே கிடையாது."

"என்ன?" என்றார் மூத்த செவியர்.

காலிங்பெல்லைக் கழற்றினார்கள். ஃப்ரிட்ஜை நிறுத்தினார்கள், அது தரையெல்லாம் அழுதது. மாடிவீட்டு அம்மாளிடம் போய், அமர்வு முடியும்வரை இஸ்திரி போடாமல், போனுக்குச் சார்ஜ் போடாமல், முடிந்தால் கெட்ட யோசனை எதுவும் இல்லாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். கையகலப் பெட்டி ஒன்றைச் செயலாளர் எல்லாவற்றின் பக்கத்திலும் கொண்டுபோனார். அழுக்கு இருந்தால் அது கர்ர் என்று உறுமும். அவருடைய சட்டைப்பையில் இருந்த போனைப் பார்த்தும் உறுமியது. "அது என்னோடது" என்று செயலாளர் அதை அதட்டினார். தையல் மெஷின் அருகே கொண்டுபோனதும் ஓர் உறுமல் உறுமியது பாருங்கள், மூத்த செவியரே திரும்பிப் பார்த்தார்.

"இதுதான்" என்றார் செயலாளர், தடயம் கிடைத்த போலீஸ்காரர் போல. "இந்தத் தெருவோட அழுக்குக்கெல்லாம் இதுதான் தாய்வீடு. அமர்வு அன்னிக்கு இதுக்குத் தீர்ப்பு சொல்லுவோம். எதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கங்கம்மா. படிக்கட்டுக்குக் கீழ இடம் இருக்கில்ல?"

"அங்க விளக்குமாறு இருக்குங்க."

"விளக்குமாத்துல மோட்டார் இல்லையே. அதை இங்க கொண்டுவந்துடலாம்."

அவர்கள் போன பிறகு பல்செட்டுக்காரர் மெஷின் பக்கம் வந்து நின்றார்.

"உன் மெஷின் மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல" என்றார்.

"அதுக்கும் உங்க மேல இல்ல."

"படிக்கட்டுக்குக் கீழ நல்ல பல்பா ஒண்ணு போட்டுத் தரேன்."

"போடுங்க. போட்டுட்டு நீங்களே உக்காந்து கறுப்புல கறுப்பு தைச்சுப் பாருங்க."

அவர் காதைத் தடவிக்கொண்டார். அவளுக்கு நெஞ்சுக்குள் இரண்டு பக்கமும் இழுத்தது. வெல்வெட்டைத் தூக்கிக் காட்ட ஒரு நிமிஷம் போதும். காட்டினால் ஜன்னல் அவளுக்கு மிஞ்சும், அவர் முகம் சங்கத்தார் முன்னால் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். காட்டாவிட்டால் அவருக்குப் பதவி, அவளுக்கு விளக்குமாறு.

அமர்வு அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உறுப்பினர்கள் வாசலிலேயே கைக்கடிகாரம், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் பூனை மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்து, காதைத் தயார் செய்வதற்காகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். தலைவர் இன்னும் வரவில்லை. சிறிது நேரத்தில் டொக் டொக் என்று ஒரு சத்தம்.

"ஆஹா" என்றார் ஒருவர் மூடிய கண்ணைத் திறக்காமல். "கதவு! தேக்கு மரம்."

"விரல் கணு தெரியுது" என்றார் இன்னொருவர்.

டொக் டொக் டொக்.

"என்ன ஒரு நிஜம்! ஆளே வாசல்ல நிக்கற மாதிரி இருக்கு."

"செட்டை இன்னும் போடவே இல்லைங்க" என்று சொல்லிவிட்டுத் தையற்காரி போய்க் கதவைத் திறந்தாள். காலிங்பெல் இல்லாத வாசலில் தலைவர் வியர்த்து நின்றுகொண்டிருந்தார்.

அவர் வந்து அமர்ந்து மூச்சு வாங்கியதும் செயலாளர் கேட்டார்: "மெஷின் பிளக்கை உருவியாச்சாம்மா?"

"சுவர்ல சொருகலைங்க" என்றாள் அவள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அமர்வு தொடங்கியது. முதலில் குமிழ் இந்தப் பக்கம். ஸ்பூன் விழுந்தது. கதவைத் தட்டினார்கள். பாடகி மூச்சை இழுத்தாள். நிறுத்தினார்கள். எல்லோரும் பல்வலிக்காரர்கள் மாதிரி முகத்தைச் சுளித்தார்கள். பிறகு செயலாளர் எழுந்து, எல்லோரும் பார்க்கும்படி, குமிழை அந்தப் பக்கம் திருப்பினார். நீல விளக்கு எரிந்தது. தட்டு தொடங்குவதற்கு முன்பே பாதிப் பேர் பெருமூச்சு விட்டுவிட்டார்கள். மறுபடியும் ஸ்பூன், கதவு, மூச்சு.

ஒவ்வொருவராகச் சாட்சி சொன்னார்கள்.

"இந்த ஸ்பூனை இத்தனை வருஷமா எவர்சில்வர்னு நினைச்சிருந்தேன். இன்னிக்குத்தான் தெரியுது, வெள்ளி."

"எனக்கு மூச்சு கேக்கல. மூச்சு விடலாமா வேண்டாமான்னு அந்தம்மா யோசிச்சாங்க பாருங்க, அது கேட்டுது."

"மௌனம் இன்னும் கறுப்பா இருக்கு" என்றார் தலைவர். அவர் சொன்னதும் எல்லோரும் கறுப்பு, கறுப்பு என்றார்கள். நாள் தவறாமல் கறுப்போடு வாழும் தையற்காரி எட்டி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தென்படவில்லை.

"அந்தம்மாவுக்கு வயசு குறைஞ்சிருக்கு" என்றார் மூத்த செவியர், தையற்காரியைப் பார்த்தபடி.

அவளால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, ஒண்ணு கேக்கலாமா? குமிழ் எந்தப் பக்கம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாம யாராவது திருப்பினா என்ன? அப்பவும் எது சுத்தம்னு சொல்லிட்டீங்கன்னா யாரும் மறுபேச்சுப் பேச முடியாதில்ல?"

அறையில் ஒரு சங்கடம் பரவியது. சின்னப் பிள்ளை சபையில் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. தலைவர் மட்டும் கருணையோடு சிரித்தார்.

"நல்ல கேள்விம்மா. வெளியாளுங்க எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. எதைக் கேக்கறோம்னு தெரியாம கேட்டா எப்படிம்மா கேக்கும்? நான் முப்பது வருஷம் ஆபீஸ்ல இருந்தவன். கோப்பு யார்கிட்டேருந்து வந்திருக்குன்னு பாக்காம ஒரு நாளும் உள்ள படிச்சதில்ல. தெரிஞ்சாத்தானே அதுல என்ன இருக்கணும்னு தெரியும்? நம்ம சங்கத்துலயும் ஒருத்தர் நீங்க சொன்ன மாதிரி துணியைப் போட்டு மூடிச் சோதனை பண்ணிப் பார்த்தார். நாங்க எல்லாரும் இருந்தோம். யாருக்கும் ஒரு வித்தியாசமும் கேக்கல. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"என்னங்க தெரிஞ்சுது?"

"அந்தச் சோதனை தப்புன்னு. இவ்வளவு பெரிய வித்தியாசத்தையே அதால காட்ட முடியலைன்னா அது என்ன சோதனை? அவரை நீக்கிட்டோம்."

எல்லோரும் ஓசைப்படாமல் கை தட்டினார்கள். ஓசைப்படாமல் கை தட்டுவது எப்படி என்று கேட்காதீர்கள், அதற்குச் சங்கத்தில் பயிற்சி இருக்கிறது.

செயலாளர் எழுந்து தீர்ப்பு வாசித்தார். பெட்டி ஒலியை மேம்படுத்துகிறது, அளவில்லாமல். பெட்டி இந்த வீட்டிலேயே இருக்கட்டும். பல்செட்டுக்காரர் இன்று முதல் கூர்ந்து கேட்பவர். தெருவின் அழுக்குக்குத் தாய்வீடான தையல் மெஷின் இன்றே படிக்கட்டுக்குக் கீழே போக வேண்டும். "சம்மதம்தானே?" என்று அவர் ஒரு நீல ரிப்பனை எடுத்து நீட்டினார்.

தையற்காரி வெல்வெட்டைப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். ரிப்பனை நோக்கி அவர் கை பாதி தூரம் போய்விட்டது. போகட்டும், கண்ணுக்கு ஒரு கண்ணாடி மாற்றிக்கொண்டால் போயிற்று என்று அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

பாதி தூரம் போன கை நின்றது.

"அங்க வெளிச்சம் பத்தாதுங்க" என்றார் பல்செட்டுக்காரர்.

"எங்க?"

"படிக்கட்டுக்குக் கீழங்க. நேத்து பல்பு போட்டு உக்காந்து பார்த்தேன். ஊசியில நூல் கோக்கவே முடியல. அவ கறுப்புல கறுப்பு தைக்கறவ. ஜன்னல் இல்லைன்னா முடியாது. மெஷின் அங்கேயே இருக்கட்டும். பெட்டியை நீங்க எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. நான் சும்மா கேக்கறவனாவே இருந்துட்டுப் போறேன்."

இப்படி ஒன்றைச் சங்கம் கேட்டதே இல்லை. மூத்த செவியர் காது மெஷினைக் கழற்றித் தட்டிப் பார்த்தார்.

"நல்ல ஒலிக்குக் கொடுத்துவைக்கணும்" என்றார் செயலாளர், ரிப்பனைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டே. "இந்தப் பெட்டிக்கு இந்த வீடு லாயக்கு இல்ல." விறுவிறுவென்று போய் மண்டியிட்டு, வெல்வெட்டை விலக்கி, பெட்டியின் முதுகில் இருந்த பிளக்கைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

செட்டின் விளக்கு அணையவில்லை. பதிலுக்கு, இழுத்த வேகத்தில் தையல் மெஷினின் கால்மிதி தடதடவென்று தரையில் இழுபட்டு அவர் மடிக்கு வந்து சேர்ந்தது.

எல்லோரும் ஒயர் போகும் வழியைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தார்கள். பிளக், செயலாளர் கை, கால்மிதி, மெஷின். பிறகு செட்டின் ஒயரைப் பின்தொடர்ந்தார்கள். அது அறையின் அந்தக் கோடியில், அழுக்குச் சுவரில், அழுக்கு ஓட்டையில் போய் முடிந்தது.

அப்போது அந்த அறையில் ஒரு மௌனம் விழுந்தது. உண்மையாகவே கறுப்பு.

"அப்ப நாம கேட்டது..." என்று ஆரம்பித்த ஒருவர், எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து, "நான் ஒண்ணும் சொல்லல" என்று முடித்தார்.

பல்செட்டுக்காரர் பெஞ்சாதியைப் பார்த்தார். அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலைவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். கோப்பு தொலைந்துபோகும் ஒவ்வொரு தடவையும் அது ஏன் தொலைய வேண்டியிருந்தது என்று எழுதிப் பழகிய மனுஷர்.

"இதுக்குத்தான் சங்கம் வேணுங்கறது" என்றார். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. "வெளியாளா இருந்தா என்ன நினைப்பான்? பெட்டி செட்டுல இல்ல, அதனால நாம கேட்டதெல்லாம் பிரமைன்னு நினைப்பான். நாம யோசிக்கணும். ஆத்துத் தண்ணி கலங்கியிருந்தா நாம குடிக்கற டம்ளரை வடிகட்டறதா, இல்ல ஆத்தைக் கலக்கற எருமையைக் கட்டிப்போடறதா? தெருவோட அழுக்குக்குத் தாய்வீடு எது?"

"தையல் மெஷின்" என்றார்கள் எல்லோரும்.

"அது எதுக்குள்ள அடைபட்டிருந்துது?"

"பெட்டிக்குள்ள!"

"குமிழ் இந்தப் பக்கம் இருந்தப்ப அழுக்கு வெளிய வந்துது, நாம முகம் சுளிச்சோம். அந்தப் பக்கம் திருப்பினோம், சிறைக்கதவு மூடிச்சு. இந்த மாதிரி ஒரு இணைப்பை இதுவரைக்கும் உலகத்துல யாராவது போட்டிருக்காங்களா?"

"ஆனா மெஷின் அப்போ ஓடவே இல்லையே" என்றார் செயலாளர், கால்மிதியை மடியில் வைத்தபடியே.

"ஓடற மெஷினுக்கு வேலை இருக்கு. சும்மா உக்காந்திருக்கறதுதான் ஆபத்து. அது எதையாவது கிளப்பிக்கிட்டே இருக்கும். எனக்குத் தெரியும்" என்றார் ஓய்வு பெற்ற தலைவர். பிறகு பல்செட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இது உங்க யோசனையா?"

"அவ யோசனைங்க" என்றார் பல்செட்டுக்காரர்.

"அம்மா, எப்படித் தோணிச்சு?"

"ஒயர் எட்டலைங்க" என்றாள் தையற்காரி.

"அடக்கம்!" என்றார் தலைவர்.

அங்கேயே தீர்மானம் போட்டார்கள். மெஷினை ஜன்னலோரத்தை விட்டு ஒரு விரல்கூட நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் ஊர்க் கரண்டுக்கே ஆபத்து. பெட்டி அதற்குக் காவலாக என்றைக்கும் அங்கேயே இருக்கும். செயலாளர் அதைச் சங்கத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டதும் செயலாளர் முதன்முறையாக எதையோ உண்மையாகக் கேட்டவர் போல விழித்தார். நீல ரிப்பன் அவருடைய சட்டைப்பையிலிருந்து வெளியே வந்து பல்செட்டுக்காரர் சட்டையில் ஏறியது.

எல்லோரும் போன பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் ஃப்ரிட்ஜைப் போட்டுவிட்டுத் தரையைத் துடைத்தாள்.

"எப்ப மாத்தினே?"

"மொத நாளே."

"அந்தச் சுவரு, ஜன்னல், திரைச்சீலை எல்லாம்..."

"நீங்கதான் சொன்னீங்க. நான் பார்க்கலை."

அவர் ரிப்பனைத் தடவிக்கொண்டார். "ஆனா அந்தாளு பட்டன் போடலைங்கறது மட்டும் நிஜம்" என்றார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்து அவருக்கும் வந்துவிட்டது. மாடிவீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "இஸ்திரி போடலாமா?" என்று கேட்கும் வரைக்கும் சிரித்தார்கள்.

கதை இத்தோடு முடியவில்லை. முடியவிட்டால் அது என்ன சங்கம்? அடுத்த வாரமே உறுப்பினர் வீடுகளிலெல்லாம் தையல் மெஷின் வந்து இறங்கியது, அடைத்துவைக்க அழுக்கு வேண்டுமே என்று. செயலாளர் கடையில் அதற்கும் ஒரு பிரிவு திறந்தார், அதுவும் தற்செயல். வீட்டுப் பெண்கள் அவற்றைச் சும்மா விடுவார்களா? தலையணை உறையில் ஆரம்பித்துச் சட்டைக்கு வந்துவிட்டார்கள். தலைவரின் மனைவி ஒரு நாள் துணியை எடுத்துக்கொண்டு வந்து, காலர் மடிப்பது எப்படி என்று தையற்காரியிடம் கேட்டுப் போனார்.

தலைவரும் வந்தார். மெஷின் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது இப்போது சங்கத்தின் கடமை. ஒரு நாள் காலை நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து ஜன்னலோரம் வரிசையாக நிறுத்தி, மெஷின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னார். தையற்காரி அப்போது ஒரு பெண் வக்கீலின் முதல் அங்கியைத் தைத்துக்கொண்டிருந்தாள். தோள்பட்டை சேருகிற இடம். ஊசி நடுவில் நின்றது.

"ஏன்மா நிறுத்திட்டீங்க? என்ன கேட்டுது?" என்று தலைவர் ஆவலோடு குனிந்தார்.

"ஒண்ணும் கேக்கலைங்க" என்றாள் தையற்காரி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கறீங்க."

தலைவர் தள்ளி நின்றார். மெஷின் ஓடியது.